கண்ணாடி இடவலம் மாற்றுவதில்லை!

"சமதள ஆடியில் தோன்றும் பிம்பத்தின் பண்புகள் யாவை?" தமிழ்நாட்டில் பள்ளி முடித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். நேரான பிம்பம், மாய பிம்பம், பொருளின் அதே அளவு, ஆடிக்குப் பின்னால் அதே தூரம், இடவல மாற்றம் உடையது. எழுதினால் முழு மார்க். முதல் நான்கும் சரி. கடைசியில்தான் வில்லங்கம்.

இடது வலதாக மாறுமென்றால், மேல் ஏன் கீழாக மாறவில்லை? ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பார்த்தாலும் இடவலம்தான் மாறியதாகத் தெரியும். ஆள் நிற்கிறானா, படுத்திருக்கிறானா என்று பார்த்தா கண்ணாடி வேலை செய்கிறது? வகுப்பில் இதைக் கேட்கும் பையனுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "சிலபஸ்ல இல்லாததைக் கேட்காதே."

விடை புதுக்கோட்டை வீதிப் பெயர்களிலேயே இருக்கிறது. கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு, தெற்கு ராஜ வீதிகள் என்று எல்லாமே திசைதான். (வெளியூர்க்காரர்களுக்கு: கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு.) கீழ ராஜ வீதியில் ஒரு கடை, அதன் கிழக்குச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கிழக்கே பார்த்து நின்று வலது கையைத் தூக்குகிறார். அது தெற்குப் பக்கக் கை. கண்ணாடியிலும் தெற்குப் பக்கக் கைதான் உயர்கிறது. தெற்கு தெற்காகவே, வடக்கு வடக்காகவே, தலை மேலேயே இருக்கிறது. அவர் மூக்கு கிழக்கே பார்க்கிறது, பிம்பத்தின் மூக்கு மேற்கே பார்க்கிறது. அவ்வளவுதான். மாறியது முன்னும் பின்னும்!

காரணமும் எளிது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். அதாவது, கண்ணாடிக்கு நேராகச் செல்லும் போக்கு மட்டுமே திரும்புகிறது. கண்ணாடியை ஒட்டிச் செல்லும் போக்கு அப்படியே தொடர்கிறது. ஃபெயின்மன் 1983-ல் பிபிசி தொலைக்காட்சியில் இதைத் திசைகளை வைத்தே விளக்கினார்.

பிறகு இடவலம் மாறியதாக ஏன் தோன்றுகிறது? எதிரே ஒரு மனிதன் சுற்றி வந்து நிற்பதாக மனம் கற்பனை செய்கிறது. அப்படி வந்து நின்றவனுக்கு அது இடது கை. மாற்றியது மனம், பழி கண்ணாடிக்கு.

எழுத்தும் அப்படியே. தாளில் எழுதியதைக் கண்ணாடிக்குக் காட்ட, தாளைத் திருப்புவது கைதான். கண்ணாடிக் காகிதத்தில் எழுதி, திருப்பாமல் பிடித்தால் பிம்பத்திலும் நேராகவே வாசிக்கலாம். 108 ஆம்புலன்ஸின் நெற்றியில் எழுத்து ஏன் திருப்பி எழுதப்பட்டிருக்கிறது? அந்த எழுத்து முன்னால் போகும் ஓட்டுநரின் முதுகைப் பார்த்து நிற்கிறது. அவர் அதைக் கண்ணாடி வழியாகப் படிக்க வேண்டும்.

"மேல் கீழ் மாறவே மாறாது" என்பவர்கள் பல்லவன் குளத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அசையாத நீரில் கரையிலுள்ள மரம் தலைகீழாகத் தெரியும். படுத்திருக்கும் கண்ணாடி அது. அதற்கு மேல்கீழ்தான் முன்பின். விதி ஒன்றே.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது, அதான் சுருக்கிச் சொல்கிறோம்" என்பார்கள். கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாத பிள்ளை புதுக்கோட்டையில் உண்டா? இடவல மாற்றம் என்பதை ஒரு தோற்றத்தின் பெயராக வைத்துக்கொள்ளட்டும், தவறில்லை. அதையே விளக்கமாக்கி மார்க் போடும்போது, பார்க்கும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கும் பழக்கம்தான் வளர்கிறது.

விளைவு? 160 செ.மீ. உயரமுள்ளவர் தன் முழு உருவம் காண, சரியான உயரத்தில் மாட்டிய 80 செ.மீ. கண்ணாடி போதும். எவ்வளவு பின்னால் போனாலும் அந்த அளவு மாறாது. அதே படுகோண விதியை ஒப்பித்தவர்களிலேயே பலர் இதை நம்ப மாட்டார்கள். ஒரு முழக்கயிறும் சுவர்க் கண்ணாடியும் போதும் சோதிக்க. லேப் கூட வேண்டாம்.

அடுத்த வினாத்தாளில் பண்புகளைக் கேட்க வேண்டாம். "மேல் கீழ் ஏன் மாறவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். யார் படித்தார், யார் ஒப்பித்தார் என்பது தெரிந்துவிடும்.