ரெண்டு பீரும் ஒரு விசாவும்

சனிக்கிழமை இரவு. எடிசனில் நண்பர் வீட்டில் குழந்தையின் பிறந்தநாள். பிரியாணி, கேக், வீட்டுக்குப் பின்னால் டெக்கில் ஆண்கள் கூட்டம், பீர். பதினோரு மணிக்குக் கிளம்பும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "ஓட்டிடுவியா மச்சி?" பதிலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: "நாலு மைல்தானே, ரெண்டு பீர்தானே!"

எடிசன் என்றில்லை. ஃப்ரீமாண்டிலும் ஃப்ரிஸ்கோவிலும் இதே கேள்வி, இதே பதில். பெரும்பாலான இரவுகளில் எதுவும் நடப்பதில்லை, வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறோம். ஆனால் ஒருநாள் பின்னால் சிவப்பும் நீலமுமாய் விளக்கு எரியும். அந்த இரவின் விலை என்ன என்று நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியாது. அபராதம், வக்கீல் செலவு, இன்ஷூரன்ஸ் ஏறுவது என்று கணக்குப் போடுவோம். விசாவில் இருப்பவருக்கு இவையெல்லாம் சின்னத் தொகை. பெரிய தொகை வேறு இடத்திலிருந்து வரும்.

முதலில் சட்டம். 'செக் பாயிண்ட்' என்றால் அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம். காரணமே இல்லாமல் போகிற வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1979ல் சொன்னது. 1990ல் அதே நீதிமன்றம், குடிபோதைச் சோதனைக்காக எல்லா வண்டிகளையும் ஒரே முறையில் நிறுத்தும் செக் பாயிண்டுகள் செல்லும் என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு மிச்சிகன் மாநிலத்துடையது. வேடிக்கை என்னவென்றால், அதே மிச்சிகனின் உச்ச நீதிமன்றம் 1993ல், எங்கள் மாநில அரசியல் சட்டப்படி இது கூடாது என்று சொல்லிவிட்டது.

நாம் அதிகம் வாழும் மூன்று இடங்களிலும் இப்படித்தான் ஆளுக்கொரு வழி. நியூ ஜெர்சியில் செக் பாயிண்ட் உண்டு. கலிஃபோர்னியாவிலும் உண்டு. அங்கே எப்படி நடத்த வேண்டும் என்று 1987லேயே மாநில உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்திருக்கிறது, முன்கூட்டியே அறிவிப்பு கொடுப்பதும் வழக்கம். டெக்சாஸில் குடிபோதை செக் பாயிண்ட் கிடையாது. சட்டமன்றம் அனுமதி தராமல் போலீஸ் தானாக நடத்த முடியாது என்று 1994ல் அங்குள்ள உயர் குற்றவியல் நீதிமன்றம் சொன்னது, சட்டமன்றம் இன்றுவரை அனுமதி தரவில்லை.

"அப்போ டெக்சாஸ்ல தப்பிச்சோம்" என்று டல்லாஸ் நண்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம். லேன் மாறியது, பின்விளக்கு எரியாதது என்று ஏதாவது ஒரு காரணம் போலீசுக்குப் போதும். நீண்ட வார இறுதிகளில் 'நோ ரெஃப்யூசல்' என்ற திட்டம் அங்கே பிரபலம். ஊத மாட்டேன் என்றால் நீதிபதியிடம் உடனே வாரண்ட் வாங்கி ரத்தம் எடுப்பார்கள். மறுத்ததற்காக லைசென்ஸும் 180 நாள் போகும். கலிஃபோர்னியாவில் கைதுக்குப் பின் சோதனையை மறுத்தால் ஒரு வருடம். நியூ ஜெர்சியில் மறுப்பதே தனிக் குற்றச்சாட்டு.

அளவு பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு. இந்த மூன்று மாநிலங்களிலும் 80 மில்லிகிராம், அதாவது 0.08. அதனால் இங்கே தாராளம் என்று நினைக்கிறோம். 0.08க்குக் கீழே இருந்தாலும், ஓட்டும் நிதானம் இல்லை என்று போலீசுக்குத் தோன்றினால் கைது செய்யலாம், வழக்கும் போடலாம். 21 வயதுக்குக் கீழே உள்ள நம் பிள்ளைகளுக்கோ நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் 0.01 போதும். டெக்சாஸில் வாசனை அளவுக்கு இருந்தாலே குற்றம்.

இப்போது பெரிய தொகைக்கு வருவோம். நியூ ஜெர்சியில் முதல் தடவை குடித்துவிட்டு ஓட்டினால் அது கிரிமினல் குற்றமே அல்ல, போக்குவரத்து விதிமீறல்தான். ஊர் முனிசிபல் கோர்ட்டில் முடிந்துவிடும். "கிரிமினல் ரெக்கார்ட் இல்ல சார், கவலைப்படாதீங்க" என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் விசா கொடுத்தவர்கள் பார்ப்பது அதை அல்ல. 2015 நவம்பரிலிருந்து வெளியுறவுத் துறையின் நடைமுறைப்படி, கடந்த ஐந்து ஆண்டுக்குள் குடிபோதையில் ஓட்டியதாகக் கைதானவரின் விசாவை முன்னெச்சரிக்கையாக ரத்து செய்யலாம். கைது என்பதே போதும். தண்டனை வேண்டாம், வழக்கு முடியவும் வேண்டாம்.

ஒருநாள் தூதரகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வரை எச்-1பி அந்தஸ்து பொதுவாகத் தொடரும், வேலைக்கும் போகலாம். ஆனால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. புது விசாவுக்கு இன்டர்வியூ, அதற்கு மேல் தூதரகம் சொல்லும் டாக்டரிடம் பரிசோதனை. மனைவி இங்கே, பிள்ளைகள் பள்ளியில், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்க, அவர் சென்னையில் காத்திருப்பார். கிரீன் கார்டு வாங்கியாச்சு என்பவருக்கும் ஒரு வார்த்தை: குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கணக்கில் எடுக்கும் காலத்துக்குள் இப்படி இரண்டு தண்டனை இருந்தால், நன்னடத்தை இல்லாதவர் என்றே எடுத்துக்கொள்ளப்படும். அதை மாற்றி நிரூபிப்பது அவர் பாடு. 2019ல் அட்டர்னி ஜெனரல் கொடுத்த முடிவு இது.

குடி மட்டுமல்ல. 2025 வசந்த காலத்தில் நடந்ததை மாணவர்களைப் பெற்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 4,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகளை அரசு திடீரென நீக்கியது. அதில் பலருக்கு இருந்தது வெறும் வேகக் கட்டுப்பாட்டு டிக்கெட், அல்லது எப்போதோ தள்ளுபடியான வழக்கு. குடிவரவு வக்கீல்கள் சங்கம் திரட்டிய 327 வழக்குகளில் பாதி இந்திய மாணவர்களுடையது. கோர்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை போட்ட பிறகு, ஏப்ரல் கடைசியில் பதிவுகளை மீட்டுத் தருவதாக அரசு சொன்னது. ஆனால் அந்த சில வாரங்களில் தூக்கம் போனது போனதுதான்.

இது நியாயமா? இல்லை என்றே நாம் சொல்கிறோம். ஒரு குற்றத்துக்கு கோர்ட் தண்டனை கொடுக்கட்டும். தீர்ப்பே வராத கைதுக்கு, அபராதம் கட்டி முடித்த டிக்கெட்டுக்கு, இன்னொரு அலுவலகம் விசாரணையில்லாமல் வாழ்க்கையைப் பறிப்பது நியாயம் ஆகாது. கைது எவ்வளவு சுலபம் என்பதற்கு டெக்சாஸே சாட்சி. லாகோ விஸ்டா என்ற ஊரில் பிள்ளைகளோடு வந்த ஒரு தாய், சீட் பெல்ட் போடாததற்காகக் கைவிலங்கோடு கொண்டுபோகப்பட்டார். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 50 டாலர். கைது செல்லும் என்று 2001ல் உச்ச நீதிமன்றம் 5-4ல் சொல்லிவிட்டது. இதை எதிர்த்து எழுத வேண்டும், நம் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரிடம் கேட்க வேண்டும். ஓட்டுரிமை உள்ள நம்மவர்கள் ஓட்டுரிமை இல்லாத நம்மவர்களுக்காகக் கேட்க வேண்டும்.

ஆனால் குடித்துவிட்டு ஓட்டுவதை அந்த நியாயத்தில் ஒளித்து வைக்க முடியாது. 2023ல் மட்டும் அமெரிக்காவில் குடிபோதை ஓட்டுநர்களால் நேர்ந்த விபத்துகளில் 12,429 பேர் இறந்திருக்கிறார்கள். விசா போனால் திரும்ப வாங்கலாம். எதிரில் வந்த வண்டியில் இருந்தவரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இங்கே பாதிக்கப்பட்டவர்கள் என்று நம்மை மட்டும் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

நிறுத்தப்பட்டால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் போலீஸ் கை காட்டினால் இறங்கிப் போய், "சார்..." என்று ஆரம்பிப்பது மரியாதை. இங்கே இறங்குவது ஆபத்து. வண்டியை ஓரமாக நிறுத்தி, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு காத்திருங்கள். பின்சீட்டில் ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா இருந்தால் அவர்களும் இறங்கக் கூடாது, பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். லைசென்ஸ், பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு குடித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை என்று பணிவாகச் சொல்லலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது. பணத்தை நீட்டுவது பற்றி நினைக்கவே வேண்டாம். போலீஸ் செய்தது தவறு என்றால் அதற்கு இடம் கோர்ட், ரோட்டோரம் அல்ல.

டிக்கெட்டை டிராயரில் போட்டு மறப்பது இன்னொரு வியாதி. வேலை மாறி ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்குப் போனாலும் கோர்ட் தேதி நம்மை விடாது. போகாவிட்டால் வாரண்ட், அடுத்த நிறுத்தத்தில் கைது. வழக்கு வந்தால் போக்குவரத்து வக்கீலோடு குடிவரவு வக்கீலையும் பார்த்த பிறகே எதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கடைசியாக, விருந்து கொடுப்பவர்களுக்கு. யார் சைவம், யாருக்கு முட்டை ஆகாது என்று ஒவ்வொருவரையும் கேட்டு சமைக்கிறோம். யார் ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அழைக்கும்போதே கேளுங்கள். குடித்தவரின் சாவியை வாங்கி வையுங்கள். ஹாலில் ஒரு பாய் விரியுங்கள், இல்லையென்றால் ஊபர் போட்டுக் கொடுங்கள். தமிழ்ச் சங்கங்கள் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அபார்ட்மெண்ட் தேடித் தருவதோடு, அரை மணி நேரம் இதையும் சொல்லிக் கொடுக்கலாம். பொங்கல் விழா மேடையில் ஒரு பாட்டைக் குறைத்தால் அந்த நேரம் கிடைக்கும்.

அடுத்த சனிக்கிழமை யாராவது "ஓட்டிடுவியா மச்சி?" என்று கேட்டால், "இல்லடா, சாவியை நீயே வச்சுக்கோ" என்று சொல்லுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.