பாடக்குறிப்பேட்டில் இல்லாத சாதி

ஹெர்பார்ட்டின் படிநிலைகள், புளூமின் 1956ஆம் ஆண்டு வகைப்பாடு, காக்னேயின் ஒன்பது கற்பித்தல் நிகழ்வுகள், ஸ்டான்ஃபோர்டில் பிறந்த நுண்ணிலைக் கற்பித்தல் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களுக்கு நாங்கள் ஆசிரியர்களாக வருகிறோம். கற்பித்தலை வடிவமைப்பது பற்றிய நூல்களின் முதல் விதி, கற்பவரை அறிந்துகொள் என்பது. நல்ல விதிதான். பயிற்சிக் கல்லூரியில் அது பாடக்குறிப்பேட்டின் 'முன்னறிவு' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. 'மாணவர்கள் தாவரங்களைப் பற்றி அறிந்துள்ளனர்.' எந்த மாணவர்கள்?

எங்கள் பகுதியில் அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்குதான் பேச்சுமொழி. அந்தக் குழந்தை முதல் வகுப்பில் தமிழ்ச் சொல்லுக்குத் தடுமாறினால் 'மந்தம்' என்று பெயர் விழுகிறது. அதே தெலுங்கு பேசும் நாயக்கர் வீட்டுப் பிள்ளையை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வத்தல் பழம் பறிக்கும் மாதங்களில் கூலி வீட்டுப் பிள்ளைகள் வராமல் போவார்கள். பதிவேட்டில் 'அக்கறையற்ற பெற்றோர்' ஆகிவிடும். கற்பவரைப் பற்றி இங்கே ஏற்கெனவே ஓர் ஆய்வு நடக்கிறது. அதைச் சாதி நடத்துகிறது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் போன செயல்வழிக் கற்றலை இதற்காகவே நினைத்துப் பார்க்கிறேன். விடுப்பில் போன குழந்தை, ஏணிப்படியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். கூலிக்காரர் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு வந்ததில்லை என்பேன். ஆனால் ஒரே பாயில் யார் யாரோடு உட்காருவது என்பது எங்கள் ஊர்களில் சாதிக் கேள்வி. நான் போன பயிற்சிகளிலோ அட்டைகளை அடுக்கும் வரிசைதான் சொல்லித்தரப்பட்டது.

2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். கனிமொழி நேரில் வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்த வகுப்பறையில் நிற்கப்போவது ஆசிரியர். அவர் கையில் புளூமின் பட்டியல் இருக்கிறது. வேறென்ன இருக்கிறது?

நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புகளின் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்பதும் அதில் உண்டு. நடந்த கூச்சலெல்லாம் கையில் கட்டும் கயிற்றையும் நெற்றித் திலகத்தையும் பற்றியதே. பாடத்திட்டப் பரிந்துரையைப் பேச ஆளில்லை.

இது புதிய கோரிக்கையும் இல்லை. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அளித்த மனுவில் ஜோதிராவ் புலே, தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் உழவர் சாதிகளிலிருந்து, அம்மக்களோடு தாராளமாகப் பழகக்கூடியவர்களாக வர வேண்டும் என்று கேட்டார்.

'வட்டாரத்துக்கு ஏற்ற பாடம்' என்ற பேச்சில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியும் 'வாழ்வோடு இணைந்த கல்வி' என்ற பெயரில்தான் வந்தது. தீப்பெட்டி ஒட்டும் வீட்டுப் பிள்ளைக்குத் தீப்பெட்டிக் கணக்கு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், அது 1954இல் நாம் விரட்டிய அதே சரக்கு. அவளுக்கு இயற்கணிதம் வேண்டும். அதை அவளுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த, அவள் தெருவுக்குள் வரத் தயங்காத ஆசிரியர் வேண்டும்.

பயிற்சி மாணவர்கள் தங்கள் கற்பித்தல் பயிற்சியின் ஒரு பகுதியைச் சேரிப் பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளிகளில் செய்யட்டும். பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வந்து எழுதும் குறிப்புக்கும் மதிப்பெண் இருக்கட்டும். ஓய்வூதியத்துக்காகத் தெருவில் நிற்கும் நம் ஆசிரியர் சங்கங்கள், சந்துரு அறிக்கையின் அந்தப் பரிந்துரையையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதை நான் எழுப்பப் போகிறேன். தோழர்கள் தங்கள் ஊரிலும் எழுப்புங்கள்.