முதலாம் ஆண்டு டீச்சர்

கடந்த மாதம் எமது தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காலமானார். அரசியல்வாதி ஒருவர் இறந்தால் நகரம் முழுக்க வெள்ளைக்கொடி கட்டுவார்கள். இவருக்கு மேற்கணக்கு, கீழ்க்கணக்கு லயங்களில் மட்டும் கொடி பறந்தது. பெயர் போட்டுக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. எனவே இங்கும் டீச்சர் என்றே எழுதுகிறேன்.

டீச்சர் கொழுந்து பறித்த தாயின் மகள். எண்பதுகளில் நியமனம் கிடைத்தது. முப்பது வருடங்களுக்கு மேல் முதலாம் ஆண்டுக்கே படிப்பித்தார். "சின்ன வகுப்பு டீச்சர்தானே" என்று நம்மில் பலர் அலட்சியமாகப் பேசியதுண்டு. அந்தப் பேச்சு எவ்வளவு பிழையானது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. துரைமாரின் தயவில், ஒரே கட்டடத்தில், ஒரே வாத்தியாரோடு அவை ஓடின. எழுபதுகளில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தித் தொடங்கிய ஓட்டம் இது. அந்த இடைவெளியைக் குறைக்க உழைத்தவர்களில் டீச்சரைப் போன்றவர்களுக்கே முதலிடம்.

அவர் காலத்தில் பிள்ளைகள் பாடசாலைக்கு வராததற்குப் பெரிய காரணம் தம்பி தங்கைகள். பிள்ளை மடுவம் ஒழுங்காக நடக்காத நாட்களில், தாய் மலைக்குப் போனதும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பிள்ளை வீட்டில் நிற்கும். டீச்சர் பாடசாலை விட்டதும் லயத்துக்கு நடப்பார். பெற்றோரோடு சண்டை போட மாட்டார். "சின்னதையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்பார். வகுப்பின் பின் வாங்கில் எப்போதும் இரண்டு மூன்று குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். இது முறையல்ல என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தபோதும் அவர் விடவில்லை. அந்த மூத்த பெண் பிள்ளைகளில் இருவர் இன்று ஆசிரியைகள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்று அவர் ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை. முதலில் வகுப்பில் இருத்துவார், பிறகு தானே படிவம் நிரப்பிக் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு வழி செய்வார். 1948இல் நம் பாட்டன் பாட்டியின் குடியுரிமை பறிபோனது. ஒரு கடதாசி இல்லாததால் ஒரு சமூகம் என்ன பாடுபடும் என்பது அவருக்குத் தெரியும். 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோதும், விண்ணப்பம் எழுதத் தெரியாத முதியவர்கள் போய் நின்றது அவர் வாசலில்தான்.

ஆசிரியர் பற்றாக்குறையால் ஐந்தாம் ஆண்டுக்கும் அவரே கணக்குப் படிப்பித்த காலம் உண்டு. பழைய சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்வார். எத்தனை பேர் பதிந்திருக்கிறது, ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழித்தால் எவ்வளவு, தோட்டம் போட வேண்டிய 12 எவ்வளவு என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு பையன் தன் தாய்க்கு இரண்டு பேர் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தான். தோட்டக் கமிட்டித் தலைவர் போய்க் கேட்டார், அடுத்த மாதம் காசு வந்தது. தொழிற்சங்கம் மேடையில் சொல்லும் உரிமைப் பாடத்தை டீச்சர் கரும்பலகையில் சொல்லிக் கொடுத்தார்.

இன்று வசதியுள்ளவர்கள் முச்சக்கரவண்டி பிடித்துப் பிள்ளைகளை நகரப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். அது குற்றமல்ல. தன் பிள்ளை முன்னேற வேண்டும் என்று நினைக்காத பெற்றோர் யார்? ஆனால் அந்த வண்டிக் கூலி கொடுக்க முடியாதவர்களின் பிள்ளைகள் தோட்டத்துப் பாடசாலையில்தான் இருக்கிறார்கள். ஆறு வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் எப்படித் தேறும்? சாதாரண தரம் வரை எப்படித் தாக்குப்பிடிக்கும்? பதினாறு வயதில் கொழும்புக் கடைக்குப் போகும் பிள்ளையின் கதை முதலாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது.

டீச்சரைப் போல இன்னொருவர் வருவார் என்று காத்திருப்பது சரியல்ல. அவர் செய்ததில் பாதி, மற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. மழைக்கு ஒழுகும் குவார்ட்டர்ஸில் பொறுத்துக்கொண்டு வாழ்ந்ததைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு, அடுத்த ஆசிரியருக்கும் அதே அறையைக் கொடுப்பது என்ன நியாயம்? 2015இல் ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்ட நம் இளைஞர்களுக்கு மாதம் 6000 ரூபா கொடுத்ததும் இதே மனப்பான்மைதான்.

தோழர்களே, சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது பிள்ளை மடுவத்தையும் பேச வேண்டும். ஆசிரியர் தங்க நல்ல வீடு, ஆரம்பப் பிரிவுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகிய கோரிக்கைகளும் நம் பட்டியலில் ஏற வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதம் ஒருமுறை பாடசாலைக்குப் போய் வரவு இடாப்பைப் பார்க்கட்டும். எந்தப் பிள்ளை வரவில்லை என்று தெரிந்தால், அந்த லயத்துக்கு நடந்து போகட்டும்.

ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்தன்று டீச்சரின் படத்துக்கு மாலை போடலாம். அதற்கு முன் அந்த இடாப்பைப் பார்த்துவிடுவோம்.