டேலி ஆகாத ஸ்விட்ச்

பி.காம். படித்தவன் டெபிட், கிரெடிட்டோடு நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. 2019-ல் நண்பனின் ஆபீஸில் இருந்த பழைய சிஸ்கோ 2960 ஸ்விட்ச்சுக்குப் புது 'இமேஜ்' ஏற்றித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

இமேஜ் என்றால் போட்டோ இல்லை சார்! அந்தப் பெட்டியை ஓட்டுகிற மொத்த சாஃப்ட்வேரும் அடங்கிய ஒரே ஃபைல். அதன் பெயரே ஒரு ஜாதகம்: ஸி2960-லேன்பேஸ்கே9-எம்இஸட்.122-55.எஸ்இ. முதலில் மாடல். அடுத்து, என்னென்ன வசதி. 'கே9' இருந்தால் என்க்ரிப்ஷன் உண்டு. இல்லாவிட்டால் எஸ்எஸ்ஹெச் கிடையாது, டெல்நெட்டில் பாஸ்வேர்டு பட்டவர்த்தனமாகப் போகும். 'எம்' என்றால் ரேமில் ஓடும். 'இஸட்', சுருக்கிக் கட்டியது. கடைசியில் வெர்ஷன், 12.2(55).

ஜாதகம் பொருந்தியது. ஆள் முழுசாக வந்து சேர்ந்தாரா என்று மட்டும் பார்க்கவில்லை.

ஸ்விட்ச்சின் 32 எம்.பி. ஃப்ளாஷில் பழசும் புதுசும் சேர்ந்தே குடியிருக்கலாம். நானோ சுத்தபத்தமான ஆள். பழசை அழித்தேன், புதுசை இறக்கினேன், 'ரீலோட்' கொடுத்தேன். புது ஃபைல் வழியிலேயே கெட்டுப் போயிருந்தது. திரையில் 'ஸ்விட்ச்:' என்று ஒற்றை வார்த்தை. அவ்வளவுதான்.

அன்று சம்பள நாள்.

"தம்பி, நெட் எப்ப வரும்?" என்றார் அக்கவுன்டன்ட்.

"இதோ சார்!"

அந்த 'இதோ'வுக்குக் கணக்குப் போட்டேன். மிச்சமிருந்த வழி, கன்ஸோல் கேபிளில் எக்ஸ்மோடம். 1977-ல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதியது. 128 பைட் பொட்டலங்களாக அனுப்பும். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 பைட்டைத் தாண்டாது. ஃபைலோ 9 எம்.பி.க்கு மேல். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்!

'செட் பாட் 115200' என்று ஒரு வரி தட்டினால் வேகம் பன்னிரண்டு மடங்காகும் என்பது, நாற்பது நிமிஷம் வியர்த்த பிறகுதான் மேனுவலில் கண்ணில் பட்டது. மறுபடி ஆரம்பித்தேன். கால் மணியில் வேலை முடிந்தது.

இப்போதெல்லாம் 'வெரிஃபை எம்டி5' போட்டு, கம்பெனி கொடுத்திருக்கும் 32 எழுத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகுதான் ரீலோட். புதுசு ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால்தான் பழசுக்கு விடை.

அன்றைக்கு நெட் வந்ததும் நடந்ததை அக்கவுன்டன்ட்டிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்க பி.காம்.தானே தம்பி? புதுசு டேலி ஆகாம, பழைய லெட்ஜரை யாராச்சும் கிழிப்பாங்களா?"