திருட்டுப் பூனைகளும் திறக்காத வாசலும்

ஸ்கைரிம் கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகவே நினைவிருக்கும். வைட்ரன் நகரத்தின் மதிலுக்கு வெளியே சில கூடாரங்கள். முன்னால் கம்பளம் விரித்து, அதில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பூனை முகத்து வணிகன். பெயர் ரிசாத். வாள், மருந்து, நகை, நிலாச் சர்க்கரை எல்லாம் அவனிடம் கிடைக்கும். பேரம் முடிந்ததும் வாங்கியவர் நகரத்துக்குள் போய்விடலாம். விற்றவன் வெளியிலேயே கிடக்க வேண்டியதுதான். அவனுடைய இனத்துக்கு உள்ளே அனுமதி கிடையாது. திருடர்கள், கடத்தல்காரர்கள் என்று பெயர்.

அந்த இனத்தின் பெயர் காஜீட். பெதஸ்டா நிறுவனம் 1994-ல் தொடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டு வரிசையில் வரும் பூனை மனிதர்கள். விசிறிகளிடம் கேட்டால் "நாடோடி வணிகர்கள், கொஞ்சம் கைநீளம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். இந்த ஒரு வரிக்குள் இரண்டு பொய்கள் இருக்கின்றன. இரண்டையும் விளையாட்டை எழுதியவர்களே பாதி மறுத்து, பாதி வளர்த்தும் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

முதல் பொய், நாடோடி என்பது. காஜீட்டுகளுக்குச் சொந்த நாடு இருக்கிறது. எல்ஸ்வேர் என்று பெயர். டாம்ரியல் கண்டத்தின் தெற்கே, வடபாதி வறண்ட பாலை, தென்பாதி அடர்ந்த காடும் கரும்புத் தோட்டமும். அந்த வடக்குப் பாலையில் அலைந்து திரியும் குழுக்கள் உண்டு, உண்மைதான். காஜீட் என்ற சொல்லுக்கே மணலில் நடப்பவர் என்பதை ஒட்டித்தான் பொருள் சொல்கிறார்கள். ஆனால் தெற்கே ஊர்கள், கோயில்கள், துறைமுகங்கள், அரச பரம்பரைகள் எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் பதினாறு அரசுகள் இருந்தன. பிறகு அவை அனெக்வினா, பெல்லிட்டின் என்று இரண்டாயின. இரண்டாம் யுகம் 309-ல் இரண்டும் இணைந்து ஒரே எல்ஸ்வேர் ஆனது. நிலம், எல்லை, வாரிசுச் சண்டை எல்லாம் உள்ள ஒரு சமூகத்தை நாடோடிக் கூட்டம் என்று எப்படிச் சொல்வது?

இந்த நாட்டைப் பற்றி எழுதப்பட்டிருப்பவைதான் முழு வரிசையிலும் மிக அழகான கற்பனை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த உலகத்துக்கு மாஸர், செகுண்டா என்று இரண்டு நிலாக்கள். காஜீட் குழந்தை பிறக்கும் நேரத்தில் இரண்டு நிலாக்களும் எந்தப் பிறையில் இருக்கின்றனவோ, அதை வைத்துத்தான் அந்தக் குழந்தை வளர்ந்து என்ன உருவம் எடுக்கும் என்பது முடிவாகும். மொத்தம் பதினேழு வகை என்பது கணக்கு. ஆல்ஃபிக் என்றால் வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும், ஆனால் பேச்சைப் புரிந்துகொள்ளும், மந்திரமும் கற்கும். செஞ்சே என்றால் புலி மாதிரி, மற்ற காஜீட்டுகள் ஏறிச் சவாரி போகலாம். ஓம்ஸ் என்றால் கிட்டத்தட்ட காட்டு எல்ஃப் முகம், பூனை என்று சொன்னால்தான் தெரியும். இந்த எல்லா வகையும் ஒரே தாய் வயிற்றில் பிறக்கலாம். அண்ணன் புலி, தம்பி பூனை! ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது.

(இதற்குப் பின்னால் ஒரு சமாளிப்பும் இருக்கிறது. 1994-ல் வந்த அரீனாவிலும் 1996-ல் வந்த டாகர்ஃபாலிலும் காஜீட்டுகள் மனிதர் போலவே இருந்தார்கள். 2002-ல் மோரோவிண்டில் திடீரென்று ரோமமும் வாலுமாக வந்து நின்றார்கள். படம் மாறியதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? நிலாக் கணக்கு அதற்கும் உதவியது. சமாளிப்பாக இருந்தாலும் அழகான சமாளிப்பு.)

நிலாச் சர்க்கரையும் அப்படித்தான். கடலில் விழும் நிலவொளி படிகமாகிக் கரும்பில் ஏறுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுக்கு அது சமையலறைப் பொருள், கோயில் பொருள், இரண்டும். நிலாக்களின் ஆன்மாவில் ஒரு துளி என்று கருதுகிறார்கள். மற்றவர்களுக்கு அது போதைப் பொருள். அதைக் காய்ச்சி எடுத்தால் ஸ்கூமா. மோரோவிண்டில் ஆட்டக்காரரின் பையில் நிலாச் சர்க்கரை இருந்தால் பெரும்பாலான கடைக்காரர்கள் பேச்சுக்கே வரமாட்டார்கள். ஒருவன் வீட்டுப் பலகாரம் எல்லை தாண்டியதும் கள்ளக்கடத்தல் ஆகிவிடுகிறது. காஜீட்டுகளைப் பற்றிய பாதி வதந்திகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் ஸ்கைரிமின் பனிக்காட்டில் இவர்கள் ஏன் அலைகிறார்கள்? அதற்கும் விளையாட்டின் புத்தகங்களிலேயே காரணம் கிடக்கிறது, தேடித்தான் எடுக்க வேண்டும். நான்காம் யுகம் 98-ல் இரண்டு நிலாக்களும் வானிலிருந்து காணாமல் போயின. இரண்டு வருடம். பிறப்பையே நிலா தீர்மானிக்கும் ஒரு இனத்துக்கு அது என்ன மாதிரியான காலமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நிலாக்கள் திரும்பியபோது, தங்கள் மந்திரத்தால்தான் திரும்பின என்று தால்மோர் எல்ஃப்கள் பெயர் வாங்கிக்கொண்டார்கள். 115-ல் எல்ஸ்வேர் மறுபடி இரண்டாக உடைந்து, இரண்டுமே எல்ஃப் பேரரசின் கைப்பாவை நாடுகள் ஆயின. ஸ்கைரிமின் கதை நடப்பது 201-ல். ஆக, வைட்ரன் வாசலில் உட்கார்ந்திருக்கும் ரிசாத்தின் தலைமுறைக்கு நாடு என்று ஒன்று முழுதாக இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு "அவர்கள் இயல்பே அலைவதுதான்" என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம்.

ஐரோப்பாவில் ரோமா மக்கள் விஷயத்திலும் இதேதான் நடந்தது. 1530-ல் இங்கிலாந்து அவர்களை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிச் சட்டம் போட்டது. 1554-ல் தங்கியிருந்தாலே மரண தண்டனை என்றது. ருமேனியாவின் பகுதியான வலாக்கியாவில் 1856 வரை அவர்கள் அடிமைகள். எங்கும் தங்கவிடாமல் துரத்திவிட்டு, பிறகு அவர்களுக்கு ஓரிடத்தில் தங்கும் குணமே கிடையாது என்று கதையும் பாட்டும் எழுதினார்கள். ஸ்கைரிமின் வணிகக் கூட்டங்களைப் பார்க்கும் எந்த ஐரோப்பியருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பழைய ஜிப்சி படம்தான்.

இனி இரண்டாவது பொய்: திருடர்கள் என்பது. இங்கேதான் விளையாட்டின் இரட்டை வேடம் வெளிப்படுகிறது. வசனங்களில், இது நகரத்தாரின் தப்பெண்ணம் என்று தெளிவாகவே காட்டுகிறார்கள். ரிசாத் நாகரிகமானவன், பொறுமையானவன். உள்ளூர்ப் பெண் இசோல்டா அவனிடம் வணிகம் கற்க ஆசைப்படுகிறாள். சரி, நல்லது. ஆனால் பாத்திரம் உருவாக்கும் திரைக்குப் போனால் காஜீட்டுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள்? ஒளிந்து நடப்பதில் 10 புள்ளி கூடுதல். பூட்டு உடைப்பதில் 5. பாக்கெட் அடிப்பதில் 5. வசனம் ஒன்று சொல்கிறது, எண் வேறொன்று சொல்கிறது. கணினி விளையாட்டில் எண்தான் இயற்கை விதி. பாத்திரம் பொய் சொல்லலாம், எண் சொல்லாது.

பூனை என்றால் பதுங்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். பதுங்கட்டும். இருட்டில் பார்க்கட்டும், நகத்தால் கீறட்டும். அதெல்லாம் பூனைக்கு உரியது. பூட்டுக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்? சட்டைப் பையில் கைவிடுவது எந்தப் பூனையின் பிறவிக் குணம்? 'திருட்டுப் பூனை' என்று நாமும்தான் திட்டுகிறோம். அது அடுப்படியில் பால் குடிக்கும் பூனையைச் சொல்வது. அந்தச் செல்லத் திட்டை எடுத்து, பேசும், வணங்கும், நாடு ஆளும் ஒரு இனத்தின் ரத்தத்தில் எண்ணாக எழுதியது யார்?

சரி, எண்ணையே ஒப்புக்கொள்வோம் என்று வைத்துக்கொண்டாலும் நகரத்தாரின் கணக்கு உதைக்கிறது. பாஸ்மர் எனப்படும் காட்டு எல்ஃப்களுக்கும் ஒளிதல், பூட்டு, பாக்கெட் மூன்றிலும் கூடுதல் புள்ளி உண்டு. அவர்களை யாராவது வாசலில் நிறுத்துகிறார்களா? வைட்ரன் வாசலைத் தாண்டிச் சில அடி நடந்தால் பாஸ்மர் சகோதரர்கள் நடத்தும் கடையே இருக்கிறது, அம்பும் வில்லும் விற்றுக்கொண்டு. ஒரே மாதிரி எண்கள், ஒருவனுக்குக் கடை, இன்னொருவனுக்குக் கூடாரம். இடையில் இருக்கும் வித்தியாசம் ரோமமும் வாலும் மட்டுமே. விண்ட்ஹெல்ம் நகரத்தில் பல்லி மனிதர்களான ஆர்கோனியர்களைத் துறைமுகத்தோடு நிறுத்தியிருப்பதும் இதே கதைதான். அவர்களுக்கும் செதிலும் வாலும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. திருடர் சங்கத்தில் சேர்ந்த ஆட்டக்காரரிடம் டோனிலியா என்பவள் ஒரு பொட்டலம் நிலாச் சர்க்கரை கொடுத்து ரிசாத்திடம் சேர்க்கச் சொல்வாள். சேர்த்துவிட்டால் அன்றிலிருந்து காஜீட் கூட்டங்கள் திருட்டுப் பொருளையும் வாங்கும். ஆக, காவலர்கள் இத்தனை நாள் சொன்னது நிஜமாகிவிடுகிறது. நிஜமாக்கியவர் ஆட்டக்காரர். அவருக்கு இது வசதி, ஊர் ஊராகத் திருட்டுச் சரக்கு விற்க ஆள் கிடைக்கிறது. காஜீட்டுகளுக்காக வாதாடி அந்த வாசலைத் திறக்க வைக்கும் பணி ஒன்று? அது மட்டும் இல்லை. டிராகனைக் கொல்லலாம், பேரரசனையே கொல்லலாம், உள்நாட்டுப் போரை முடித்து வைக்கலாம், நகரத்தின் பிரபு ஆகலாம். ஒரு வணிகனுக்கு உள்ளே இடம் வாங்கித் தர முடியாது.

இத்தனைக்கும் இதே நிறுவனம் முன்னால் இதைவிட நேர்மையாகச் செய்திருக்கிறது. மோரோவிண்டில் காஜீட்டுகள் தோட்டங்களில் அடிமைகள். கையில் மந்திரக் காப்பு மாட்டி வைத்திருப்பார்கள். சாவி தேடி எடுத்து ஒவ்வொருவராக விடுவிக்கலாம். இரட்டை விளக்கு என்ற ரகசிய இயக்கத்தோடு சேர்ந்து வேலை செய்யலாம். அநியாயம் ஒன்றைக் காட்டினார்கள், அதைத் தொட ஒரு கைப்பிடியும் கொடுத்தார்கள். 2006-ல் வந்த ஆப்லிவியனில் காஜீட்டுகள் நகரங்களுக்குள்ளேயே வீடு கட்டி வாழ்ந்தார்கள். உருளைக்கிழங்கு ரொட்டி சுடும் ஒரு காஜீட் சமையல்காரியை அதை ஆடியவர்கள் மறக்கவே முடியாது. 2011-ல் ஸ்கைரிமில் அந்த ரொட்டிக்காரி போய், கூடாரம் வந்தது. ஸ்கைரிம்தான் கோடிக்கணக்கில் விற்றது. காஜீட் என்றால் உலகத்துக்கே அந்தக் கூடாரமும் சரக்கு இருக்கிறது என்று சொல்லும் அந்த வியாபாரக் குரலும்தான் என்று ஆகிவிட்டது.

வெறும் விளையாட்டுதானே என்பவர்களுக்கு ஒரு தகவல். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் விஸ்தானி என்ற வண்டியோட்டி நாடோடிகள் உண்டு, அப்பட்டமான ஜிப்சி நகல். 2020-ல் அந்த நிறுவனமே இது தவறு என்று ஒப்புக்கொண்டு விஸ்தானிப் பகுதிகளைத் திருத்தி எழுதியது. 2024-ல் வந்த புதிய விதிநூலில் பிறந்த இனத்தை வைத்து ஆற்றல் புள்ளி கொடுக்கும் வழக்கத்தையே கைவிட்டு, வளர்ந்த சூழ்நிலைக்கு மாற்றினார்கள். விளையாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதே யோசனையை இங்கே வைத்துப் பார்த்தால், சந்தையில் வளர்ந்த காஜீட்டுக்குப் பேரம் பேசும் திறமை, கோயிலில் வளர்ந்தவனுக்கு வைத்தியம், திருடனிடம் வளர்ந்தவனுக்குப் பூட்டு. எவ்வளவு சுவையாக இருக்கும்!

பெதஸ்டா பாதி தூரம் வந்திருக்கிறது. 2019-ல் இணைய விளையாட்டில் எல்ஸ்வேர் நாட்டையே திறந்துவிட்டார்கள். அங்கே காஜீட்டுகள் உழுகிறார்கள், பூசை செய்கிறார்கள், பறிகொடுத்த ரிம்மன் சிம்மாசனத்தை மீட்கப் போராடுகிறார்கள். சொந்த மண்ணில் அவர்கள் வேறு ஆட்களாகவே தெரிகிறார்கள். ஆனால் அங்கேயும் பாக்கெட் அடிப்பதற்கான 5 சதவீதம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்தாளர்கள் நாட்டைக் கொடுத்தார்கள், கணக்குப்பிள்ளை கொடுக்கவில்லை போல.

ஸ்கைரிமில் அக்காரி என்பவளின் கூட்டத்தில் கார்ஜோ என்று ஒரு காவலாள் இருக்கிறான். அவனுடைய நிலாத் தாயத்து திருடு போய்விட்டது. ஆம், திருட்டுக் கொடுத்தவன் காஜீட்! அதை மீட்டுக் கொடுத்தால் அவன் ஆட்டக்காரரின் துணையாகக் கூடவே வருவான். அப்போது எந்த நகரத்துக்குள்ளும் அவனை அழைத்துப் போகலாம், ஒரு காவலனும் தடுப்பதில்லை. விடுதியில் தீ ஓரம் நிற்பான், அரண்மனைக்குள்ளும் வருவான். துணை போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டால் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடப்பான், கூட்டம் அப்போது டான்ஸ்டாரில் இருந்தாலும் ரிஃப்டனில் இருந்தாலும், மதிலுக்கு வெளியே இருக்கும் அந்தக் கூடாரத்துக்கு.