மாட்ரிட் மட்டும்தான் சுத்தமா?

போன வாரம் பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஸ்பானிஷ் பரீட்சையில் காருக்கு 'கார்ரோ' என்றும் கம்ப்யூட்டருக்கு 'கொம்புத்தாதோரா' என்றும் எழுதியிருக்கிறாள். மெக்சிகோ தொடர்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட சொற்கள். இரண்டையும் சிவப்பு மையால் அடித்து, 'கோச்சே', 'ஓர்தெனதோர்' என்று திருத்தி, "தெருப்பேச்சு வேண்டாம், மாட்ரிட் ஸ்பானிஷ்தான் சுத்தம்" என்று ஒரு குறிப்பு வேறு. இரண்டு மதிப்பெண் போயிற்று.

சரக்குக் கப்பல் என்ஜின் அறையில் 22 வருடம் குப்பை கொட்டியவன் நான். அந்த ஆசிரியருக்கு நேரில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். அந்தக் குறிப்பு தப்பு.

எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவர் பில்பாவோக்காரரான சக என்ஜினியர். பஸ் பிடிப்பதற்கு 'கொஹேர்' என்ற வினைச்சொல்லைக் கற்றுக்கொடுத்தார். ஸ்பெயினில் குழந்தைகூடச் சொல்லும் சொல் அது. அதை நம்பி புவனோஸ் ஐரெஸ் துறைமுக வாசலில், "பஸ்ஸை எங்கே பிடிக்கலாம்?" என்று கேட்டேன். காவலாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அர்ஜென்டினாவில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இங்கே எழுத முடியாது, வீட்டில் பெண்களும் படிக்கிறார்கள். சுத்தமான மாட்ரிட் ஸ்பானிஷ் பேசி நான் கண்ட பலன் அதுதான்.

இன்னொரு தடவை, லாஸ் பால்மாஸில் எண்ணெய் நிரப்ப நின்றபோது பஸ்ஸுக்கு 'குவாகுவா' என்று கற்றுக்கொண்டேன். கேனரித் தீவுகளிலும் கியூபாவிலும் அப்படித்தான். அடுத்து சிலியின் வால்பராயிசோ. தாமதமாக வந்ததற்குக் காரணமாக, "இரண்டு குவாகுவா நிற்காமலே போய்விட்டது" என்றேன். கடைக்கார அம்மா திகைத்துப் போனார். அங்கே குவாகுவா என்றால் கைக்குழந்தை! ஆண்டீஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல்லாம்.

பணத்துக்கு மெக்சிகோவில் 'லானா', அதாவது கம்பளி. ஸ்பெயினில் 'பாஸ்தா'. அர்ஜென்டினாவில் 'கீத்தா', கிட்டத்தட்ட நம்மூர்ப் பெண் பெயர்தான். மாட்ரிட் இளவட்டங்கள் நண்பனை 'தீயோ', அதாவது மாமா என்று கூப்பிடுகிறார்கள். அது மட்டும் தெருப்பேச்சு இல்லையா?

தெருப்பேச்சை விரட்டப் பார்த்தவர்களும் உண்டு. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பேச்சு கலந்து புவனோஸ் ஐரெஸில் பிறந்தது 'லுன்ஃபார்தோ'. வேலைக்கு 'லபுரோ' என்பார்கள், இத்தாலியச் சொல்லின் சாயல். 1943-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவ அரசு, வானொலியில் லுன்ஃபார்தோ கூடாது என்று டாங்கோ பாடல் வரிகளையே மாற்ற வைத்தது. 1962-இல் அதே ஊரில் அந்தப் பேச்சுக்கென்றே ஓர் அகாதமி தொடங்கிவிட்டார்கள். இன்றும் சாதாரண ஜனங்கள் 'லபுரோ'வுக்குத்தான் போகிறார்கள்.

பரீட்சைக்கு ஏதாவது ஒரு வழக்கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இந்தப் பாடத்தில் இது" என்பது வேறு, "மற்றதெல்லாம் அழுக்கு" என்பது வேறு. மெக்சிகோவில் மட்டும் சுமார் 13 கோடி ஜனங்கள். ஸ்பெயினில் சுமார் 5 கோடி. யார் யாருக்குத் தெரு?

ஸ்பானியர்களுக்கே இந்தப் பெரியண்ணன் வேலை பிடிக்கவில்லை. மெக்சிகோப் படமான 'ரோமா'வை நெட்ஃபிளிக்ஸ் ஸ்பெயினில் காட்டியபோது, ஸ்பானிஷ் வசனத்துக்கே மாட்ரிட் ஸ்பானிஷில் அடியெழுத்து போட்டார்கள். 'மமா' என்று பேசினால் கீழே 'மாத்ரே' என்று வரும். இது ஸ்பெயின் ரசிகர்களுக்கே அவமானம் என்று இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் 2019-இல் கொதித்தார். அங்கிருந்தவர்களும் கேலி செய்தார்கள். நிறுவனம் எடுத்துவிட்டது.

சரி, மாட்ரிட்தான் வேண்டுமென்றால் அங்கேயே போவோம். 1713-இல் தொடங்கிய அரச அகாதமி அங்கேதான் இருக்கிறது. அதன் அகராதியில் 'கொம்புத்தாதோரா' இருக்கிறது. அமெரிக்க நாடுகளில் 'கார்ரோ' என்றால் கார் என்றும் போட்டிருக்கிறது. நேற்று ராத்திரி இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன். விடைத்தாளோடு சேர்த்துப் பின் குத்தி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை வகுப்பு.