பொசிஷன் தெரிந்தால் போதுமா?

பொம்மிடி ரயில் நிலையச் சாலை டீக்கடையில் போன வாரம் ஒரு தம்பி எனக்குப் போக்கர் பாடம் எடுத்தான். "இது சூதாட்டம் இல்லணா. பொசிஷன் பாத்து ஆடணும். கடைசியா முடிவெடுக்கிற சீட்டுல இருந்தா மத்தவன் என்ன பண்றான்னு பாத்துட்டு ஆடலாம். டோர்னமென்ட்ல அதான் சூட்சுமம்." ஓசூரில் ஷிப்டு வேலைக்குப் போகிற பையன். சொன்னது பாதி உண்மை என்பதால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

அவன் கைபேசித் திரையிலேயே வெள்ளை வட்டத்துக்குள் 'டி' என்று ஒரு பட்டன் இருந்தது. அதுதான் அந்தக் கடைசி சீட். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அது பக்கத்து ஆளிடம் நகர்ந்துவிடும். ஒன்பது பேர் மேசையில் ஒன்பது ஆட்டத்துக்கு ஒருமுறைதான் உன்னிடம் வரும். மற்ற எட்டுப் பேருக்கும் அப்படியே. எல்லோருக்கும் சமமாகச் சுற்றி வருவது உனக்கு மட்டும் எப்படி வருமானமாகும்? அதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துவேன் என்கிறாய். நீ பார்த்த யூடியூப் வீடியோவைத்தானே அந்த எட்டுப் பேரும் பார்த்திருக்கிறார்கள்?

டோர்னமென்டில் நிலைமை இன்னும் மோசம். கட்டாயப் பந்தயம் நேரத்துக்கு நேரம் ஏறும், கையிருப்பு கரையும், ஒரு கட்டத்தில் இருப்பதையெல்லாம் உள்ளே தள்ளியாக வேண்டும். தள்ளியபின் பட்டன் எங்கிருந்தால் என்ன? இரண்டு ஏஸ் வைத்திருப்பவனே இரண்டு ராஜா வைத்திருப்பவனிடம் ஏறக்குறைய ஐந்துக்கு ஒருமுறை தோற்கிறான். நடத்துகிறவனோ சீட்டுப் போடும் முன்பே தன் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறான். பட்டன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் அவன் பங்கு குறையாது.

உடனே கோர்ட்டை இழுப்பார்கள். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆட்டத்துக்குத் திறமை வேண்டும் என்றார்கள். உனக்கு அது இருக்கிறது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. "வேற லிங்க் இருக்குணா" என்கிறான் தம்பி.

இத்தனை ஆண்டுகள் இதற்கு விளம்பரம் செய்து சம்பாதித்த நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் யார் கேட்டார்கள்? ஆட்டத்தில் தோற்றவன் கைபேசியிலேயே கந்துவட்டிக் கடன் செயலி காத்திருக்கிறது.

தம்பி, உன் வங்கிக் கணக்கைத் திற. ஆறு மாதத்தில் ஆட்டத்துக்குப் போனது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார். கூட்டிவிட்டு வா, அப்புறம் பொசிஷன் பற்றிப் பேசலாம்.